தென்னை மரம் ஏறும் வேலை கட்டுப்படியாகுமா? கூலி, காப்பீடு, மனநிறைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரத்தில் தேங்காய் வெட்டுக்குப் போகும் ஆட்களோடு பல வருஷமாகப் பழகுகிறேன். தோப்புக்காரர்களிடம் கூலி பேசித் தருவது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் அதில் அடக்கம். இந்த வேலைக்கு வரலாமா, வந்தவர்கள் நீடிக்கலாமா, விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கூலித் தொகைகளைக் கணக்குப் புரிவதற்காகப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர் ரேட்டை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அரசுத் திட்டங்களின் தொகையும் அவ்வப்போது மாறும். சேரும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஏறினால் மதியத்துக்குள் 1,500 ரூபாய் என்கிறார்களே, நிஜமா?

நாள் கணக்கில் நிஜம்தான். மரத்துக்கு 30 ரூபாய், நாளைக்கு 50 மரம் என்றால் 1,500 ரூபாய். பழகிய ஆள் விடிந்ததும் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் 50 மரம் முடித்துவிடுவார். இதை அப்படியே 26 நாளால் பெருக்கி "மாசம் 39,000" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கணக்கு தப்புகிறது.

மழை பெய்து மரம் வழுக்கினால் ஏற முடியாது. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழையும் வருகிறது, அப்புறம் ஐப்பசி மழையும் வருகிறது. நல்லது கெட்டது, திருவிழா, உடம்பு வலி, தோப்புக்காரர் "அடுத்த வாரம் வா" என்று தள்ளிப்போடுவது என்று நாள்கள் கழிந்துகொண்டே இருக்கும். நான் பார்த்தவரை வருஷத்துக்கு 180 நாள் மரத்தில் ஏறினாலே நல்ல வருஷம்.

180 நாளுக்கு 1,500 வீதம் 2,70,000 ரூபாய். பெட்ரோலும் டீயும் நாளைக்கு 100 ரூபாய் என்றால் 18,000 போய்விடும். அரிவாள், கயிறு, பெல்ட், காப்பீடு எல்லாம் சேர்த்து 6,000 வையுங்கள். மிச்சம் 2,46,000. மாதத்துக்கு 20,500 ரூபாய். இதுதான் பேசவேண்டிய எண். மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் 39,000 என்று நம்பி பைக்குத் தவணை கட்ட ஆரம்பித்துவிடாதீர்கள்.

அப்படியானால் 15,000 ரூபாய் மில் வேலை மேலா?

மில் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் கட்டும் இடமாக இருந்தால் முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போடுவார். வருஷத்துக்கு 21,600. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்கு அவர் கட்டுவது 3.25 சதவீதம், ஏறக்குறைய 5,850. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதை 7,000 ரூபாய் சம்பளத்தை வைத்தே கணக்குப் போட்டாலும் வருஷத்துக்கு 7,000 பக்கம் வரும். எல்லாம் சேர்ந்தால் வருஷச் சம்பளமான அந்த 1,80,000 உண்மையில் 2,14,000க்கு மேல்.

மரத்துக்கு 2,46,000, மில்லுக்கு 2,14,000. வித்தியாசம் வருஷத்துக்கு 32,000. மாதத்துக்கு மூவாயிரம்கூட இல்லை.

இதற்கு மேல் கால் முறிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேலையிடத்தில் காயம்பட்டு வீட்டில் இருக்கும் இஎஸ்ஐ தொழிலாளிக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வந்துகொண்டிருக்கும். மரமேறிக்கு அப்படி மாதாமாதம் எதுவும் வராது. மூன்று மாதம் கட்டுப் போட்டுப் படுத்தால் அறுபதாயிரம் போச்சு. இரண்டு வருஷ வித்தியாசம் ஒரே விழுதலில் தீர்ந்துவிடும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மில்லில் எட்டு மணி நேரம், பல இடத்தில் அதற்கு மேலும். மரத்தில் ஆறு மணி நேரம்தான், அதுவும் வருஷத்தில் பாதி நாள். மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் மரம் எங்கேயோ இருக்கிறது. மீதி நேரத்தில் சொந்தத் தோட்டம், மாடு, கறவை என்று ஏதாவது வைத்திருப்பவருக்கு மரம்தான் லாபம். மீதி நேரம் டாஸ்மாக்கில் கழியும் என்றால் மில்லுக்கே போய்விடுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மரக்கணக்கா, நாள்கூலியா, காயாகவே வாங்குவதா?

வேகமான ஆளுக்கு மரக்கணக்கு. புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் சில மாதம் நாள்கூலி நல்லது; அவசரப்படமாட்டார். மரக்கணக்கில் ஒரு ஆபத்து உண்டு. 45 மரம் முடித்தபின் உடம்பு போதும் என்று சொல்லும்போது "இன்னும் அஞ்சு மரம்தானே, 150 ரூபாயாச்சே" என்று மனது சொல்லும். எனக்குத் தெரிந்த விழுதல்களில் பல அந்தக் கடைசி மரங்களில்தான் நடந்தன.

கூலிக்குப் பதில் காயாக வாங்கும் பழக்கம் இன்னும் சில ஊரில் இருக்கிறது. 2025-ல் தேங்காய் விலை ஏறியபோது காய் வாங்கியவர்களுக்கு யோகம். விலை விழுந்த வருஷம் அதே ஆட்கள் காய் மூட்டையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். ரொக்கமாகக் கூலியை வாங்குங்கள், வீட்டுக் குழம்புக்கு நாலு காய் கேளுங்கள், அது போதும்.

முன்பணம் தருகிறார்கள். வாங்கலாமா?

கூடாது. முன்பணம் வாங்கினால் ரேட் பேசும் வாய் அடைபட்டுவிடும்.

வருஷம் முழுக்கச் சீராக வேலை வேண்டும் என்றால் எத்தனை மரம் கைவசம் இருக்க வேண்டும்?

45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஒரு மரத்தில் வருஷத்துக்கு எட்டு முறை ஏறுவீர்கள். 180 நாள், நாளைக்கு 50 என்றால் 9,000 ஏற்றம். எட்டால் வகுத்தால் 1,125 மரம். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம் இருக்கும். ஆக, நிரந்தரமாகக் கூப்பிடும் தோப்பு 16 ஏக்கர் இருந்தால் உங்களுக்கு வருஷம் ஓடிவிடும்.

பத்துப் பதினைந்து சிறு விவசாயிகள், ஆளுக்கு ஒன்று ஒன்றரை ஏக்கர், எல்லாம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள். இப்படி அமைந்துவிட்டால் அதைவிட வேறு வேண்டாம். ஒருவர் கைவிட்டாலும் வருமானத்தில் பெரிய ஓட்டை விழாது. 16 ஏக்கரும் ஒரே ஆளுடையது என்றால் ஒருநாள் அவர் ஏலக்காரருக்கோ தொரட்டி வைத்து அறுக்கும் குழுவுக்கோ மொத்தமாகக் கொடுத்துவிடுவார், நீங்கள் ரோட்டில் நிற்பீர்கள்.

தொரட்டி வைத்துக் கீழிருந்தே அறுத்துவிடுகிறார்களே. மரம் ஏறும் வேலைக்கு இனி எதிர்காலம் உண்டா?

வெறும் காய் பறிப்பதற்கு மட்டும் என்றால் குறைந்துகொண்டே வரும். நீளக் கம்பில் அரிவாள் கட்டி, எட்டுகிற உயரமுள்ள மரத்தையெல்லாம் மளமளவென்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் கீழே நிற்கும் ஆளுக்கு மரத்தின் தலை தெரியாது. குருத்தை வண்டு துளைத்திருந்தாலும், மட்டை இடுக்கில் அழுகல் வந்திருந்தாலும் அவர் பார்க்கமாட்டார். முற்றிய குலையோடு இளங்காயும் சேர்ந்து விழும்.

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். காய் வெட்டும் ஆளாக மட்டும் இருந்தால் உங்கள் ரேட்டைத் தொரட்டி முடிவு செய்யும். மரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக மாறினால் நீங்கள் முடிவு செய்யலாம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தலையைச் சுத்தம் செய்வது முதல் வேலை. காய்ந்த மட்டை, பழைய பாளை, பன்னாடை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டை தெரிந்தால் கொக்கிக் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுக்க வேண்டும். விரிந்த ஓலையில் கத்தரித்தது போல முக்கோண வெட்டு தெரிந்தாலே வண்டு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். தடுப்புக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது, மேல் மட்டை இடுக்குகளில் மூன்று நாப்தலின் உருண்டை, அதாவது பாச்சா உருண்டை வைத்து மேலே மணல் போடுவது. 45 நாளுக்கு ஒருமுறை. இல்லாவிட்டால் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் உள் மட்டைகள் மூன்றின் அடியில் இடுவது.

அந்த 45 நாளைக் கவனித்தீர்களா? வெட்டுக்கும் அதே 45 நாள்தான். ஏற்கெனவே ஏறிய மரம், ஏற்கெனவே பட்ட பாடு. தலையில் இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் நின்றால் இரண்டாவது கூலி. மரத்துக்கு 15 ரூபாய் கூடுதல் பேசி, கைவசம் உள்ளதில் பாதித் தோப்பு ஒத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 67,500 ரூபாய். மில்லோடு ஒப்பிட்ட அந்த 32,000 வித்தியாசம் இதனால் ஒரு லட்சத்துக்கு அருகில் போய்விடுகிறது.

கூடவே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, பச்சை மட்டையை வெட்டக் கூடாது. வெட்டிய இடத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். தவிர்க்கவே முடியாமல் வெட்டினால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும். ஏறுவதற்கு வசதியாக மரத்தில் படி கொத்துவதும் அதே காரணத்துக்காகக் கூடாது. இதைத் தோப்புக்காரரிடம் நீங்களாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை உங்களோடு ரேட் பேசும் தோரணையே மாறியிருக்கும்.

விழுந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? எந்தக் காப்பீடு எடுக்க வேண்டும்?

ஒரே காப்பீடு எல்லாவற்றையும் பார்க்காது. சாவு, நிரந்தர ஊனம், ஆஸ்பத்திரிச் செலவு, வேலையில்லாமல் படுத்திருக்கும் மாதங்கள் என்று நாலு வெவ்வேறு இழப்பு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலில் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா. மரம் ஏறுகிறவர்களுக்கென்றே உள்ள விபத்துக் காப்பீடு இது. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியம் கட்டுகிறது, நீங்கள் கட்டுவது சிறு தொகை. சாவுக்கும் ஊனத்துக்கும் லட்சக்கணக்கில் கிடைக்கும். ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியும், வேலைக்குப் போக முடியாத சில வாரங்களுக்கு வாரத்தொகையும் உண்டு. நீங்கள் மரம் ஏறுகிறவர்தான் என்று வேளாண்மை அலுவலரோ ஊராட்சித் தலைவரோ சான்று கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பயிற்சி முடித்த முதல் வருஷம் காப்பீடு இருக்கும், அடுத்த வருஷம் மறந்துபோகும், விழுவது மூன்றாம் வருஷம்.

அடுத்தது பிரதமரின் சுரக்ஷா பீமா. வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு போய்விடும், அவ்வளவுதான். கால் முறிவுக்கு இதில் ஒரு பைசா வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கார்டு கிடைக்கும். குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் வரை. நல்லபடியாகச் சம்பாதிக்கும் மரமேறி இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். அவர் தனியாக ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்வதே சரி.

நாலாவது இழப்புக்கு, படுத்திருக்கும் மாதங்களுக்கு, கேர சுரக்ஷாவின் அந்தச் சில வாரத் தொகையைத் தவிரப் பெரிய வழி ஒன்றும் கிடையாது. மூன்று மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பதுதான். சங்கமோ குழுவோ இருந்தால் ஆளுக்கு மாதம் 200 என்று போட்டு வைத்து, விழுந்தவர் வீட்டுக்கு வாரா வாரம் கொடுக்கலாம். இப்படிச் செய்யும் குழுக்களில் ஆட்கள் விட்டுப் போவது குறைவு.

காப்பீட்டை விடுங்கள், தோப்புக்காரர் இழப்பீடு தரமாட்டாரா?

நல்ல மனுஷராக இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொஞ்சம் பணமும் தருவார். சட்டத்தில் கேட்க வழி இருந்தாலும், காலையில் ஒரு தோப்பு, பத்து மணிக்கு இன்னொரு தோப்பு என்று ஏறுகிறவருக்கு முதலாளி யார் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. ஆகவே உங்கள் ரேட்டுக்குள்ளேயே காப்பீட்டுச் செலவைச் சேர்த்துப் பேசுங்கள். "மரத்துக்கு 30, அதுல ஒரு ரூபாய் என் இன்சூரன்சுக்கு" என்று வெளிப்படையாகச் சொன்னால் முகம் சுளிக்கும் தோப்புக்காரர் குறைவு. தன் தலையிலிருந்து ஒரு கவலை இறங்குகிறது என்று அவருக்கும் தெரியும்.

கூட வேலை செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள், உட்காரவும் வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலில்தான் கால் வராமல் போகும். கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

தளைக்கயிறு போதுமா, மெஷின் வேண்டுமா?

கயிற்றில் ஏறுகிறவர் மெஷினைப் பார்த்துச் சிரிப்பார். ஒவ்வொரு மரத்துக்கும் மாட்டிக் கழற்ற நேரம் ஆகிறது, அது உண்மை. ஆனால் மெஷினோடு பாதுகாப்பு பெல்ட்டையும் மாட்டினால் கை நழுவினாலும் நேராகக் கீழே வரமாட்டீர்கள். நெஞ்சும் முழங்காலும் மரத்தில் உரசாது. கண்ணூர் பக்கத்துச் செம்பேரியில் உருவான மாடல்தான் பரவலாக ஓடுகிறது, நின்றபடியே ஏறலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உட்கார்ந்து ஏறும் மாடலைக் கொண்டுவந்தது. 25 வயதில் கயிற்றில் பழகியவரை மாற்றச் சொல்லமாட்டேன். புதிதாக வருகிறவர், நாற்பதைத் தொட்டவர், இருவரும் மெஷினுக்கே போகலாம். எதில் ஏறினாலும் பெல்ட் கட்டாயம்.

மின்கம்பி பக்கத்தில் இருக்கும் மரத்துக்கு மட்டும் ரேட்டே பேசாதீர்கள். "மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தினால் ஏறுவேன், இல்லாவிட்டால் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். ஈர மட்டை சாய்ந்து கம்பியில் பட்டால் பெல்ட்டும் காப்பாற்றாது.

எத்தனை வயது வரை ஏறலாம்?

அறுபதிலும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முழங்காலும் இடுப்பும் நாற்பத்தைந்து வாக்கில் பேச ஆரம்பிக்கும். இருபதில் தொடங்கினால் நல்ல வேகத்தில் ஓடுவது இருபத்தைந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆள் வைத்து வேலை எடுப்பது, நாற்றங்கால், உரிப்புக் களம், வண்டு மருந்து வேலை என்று இறங்கி வந்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். அப்படி இறங்க வேண்டுமானால் தோப்புக்காரர்களின் பழக்கமும் கொஞ்சம் முதலும் கையில் இருக்க வேண்டும்.

ஓய்வூதியம் ஏதாவது உண்டா?

அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம், வருமான வரி கட்டாதவராக இருக்க வேண்டும். 60 வயதுக்கு மேல் மாதம் 5,000 வேண்டும் என்றால் 25 வயதில் சேர்பவர் மாதம் 376 ரூபாய் கட்ட வேண்டும். அதையே 35 வயதில் சேர்ந்தால் 902 ரூபாய். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்திலோ முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலோ பதிந்துவைத்தால் பிள்ளைகளின் படிப்பு உதவி, கல்யாண உதவி, விபத்து நிவாரணம் உண்டு. இரண்டில் உங்களை எதில் சேர்ப்பார்கள் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் தாலுகா ஆபீசிலும் கேட்டுவிடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுக்கான இ-ஷ்ரம் அட்டையும் எடுத்து வையுங்கள், செலவு இல்லை.

இந்த வேலையில் மனநிறைவு என்று ஒன்று இருக்கிறதா, இல்லை சும்மா சொல்வதா?

இருக்கிறது. விட்டுவிட்டு மில்லுக்குப் போன சிலர் ஒரு வருஷத்தில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் கூலியைச் சொல்லமாட்டார்கள். "அங்க ஒண்ணுக்குப் போகவும் கேட்டுட்டுப் போகணும்" என்றார் ஒருவர். மரத்தில் சூபர்வைசர் கிடையாது. எந்த மரத்தில் முதலில் ஏறுவது, எப்போது நிறுத்துவது, யார் தோப்புக்குப் போவதில்லை என்பதெல்லாம் உங்கள் முடிவு. மதியம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு சாப்பிட முடிகிறது.

மரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இன்னொரு வகைச் சந்தோஷம் கிடைக்கிறது. வண்டு தின்று ஓய்ந்துபோன மரத்தைச் சுத்தம் செய்து மருந்து வைத்து, அது மறுபடி நேரான குருத்து விட்டுப் பாளை தள்ளுவதை 45 நாளுக்கு ஒருமுறை நீங்கள்தான் மேலே போய்ப் பார்க்கிறீர்கள். தோப்புக்காரர்கூட அதைப் பார்ப்பதில்லை.

மனதைக் கெடுப்பவையும் உண்டு. கூலிக்கு இரண்டு வாரம் நடக்கவிடுவது, ஒருமையில் கூப்பிடுவது, குடிக்கத் தண்ணீரைத் தனி டம்ளரில் கொடுப்பது. கடைசியில் சொன்னது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அந்தத் தோப்புக்குப் போகாதீர்கள். இன்று ஆள் பற்றாக்குறை தோப்புக்காரருக்குத்தான்.

மரம் ஏறுகிறவனுக்குப் பெண் தரமாட்டார்கள் என்கிறார்களே?

சொல்கிறார்கள், பல வீடுகளில் அதுவே நடக்கிறது. விழுந்துவிடுவானோ என்ற பயம் பாதி, சாதியோடு ஒட்டிய இளக்காரம் பாதி. இளக்காரத்தைத் தனி ஆளாக மாற்ற முடியாது. பயத்துக்குப் பதில் சொல்லலாம். காப்பீட்டுத் தாள்கள், வங்கிப் புத்தகம், பெல்ட்டோடு ஏறும் வழக்கம், இவற்றைப் பெண் வீட்டில் எடுத்துக் காட்டிச் சம்பந்தம் முடித்த பையன் ஒருவன் எங்கள் ஊரில் இருக்கிறான். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்லவில்லை.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம். கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியத்தின் பயிற்சியில் பெண்கள் பலர் மெஷினில் ஏறக் கற்றுக்கொண்டு தொழிலாகச் செய்கிறார்கள். இங்கே எண்ணிக்கை குறைவு. இருவராகச் சேர்ந்து போவது நல்லது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ரேட்டைக் குறைத்துப் பேசப் பார்ப்பார்கள். மரத்தின் உயரம் யாருக்கும் குறைவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள், 18,000 ரூபாய். போகலாமா?

எழுத்தில் வாங்குங்கள். பிஎஃப், இஎஸ்ஐ உண்டா, எந்தத் தொகைக்குப் பிடிக்கிறார்கள், நாளைக்கு எத்தனை மரம் என்று இலக்கு இருக்கிறதா, மழை நாளில் சம்பளம் உண்டா, கருவி யார் வாங்குவது, இவ்வளவும் தெரிய வேண்டும். மழை நாளுக்கும் சம்பளம் உண்டு, இலக்கு 40 மரத்துக்குள், பிஎஃப்பும் இஎஸ்ஐயும் உண்டு என்றால் நான் போகச் சொல்வேன். தோட்டத்துக் கூலியாகப் போகிறவருக்கு இஎஸ்ஐ பொதுவாகக் கிடைப்பதில்லை. நிறுவனத்து ஆளாகச் சேரும்போதுதான் அது வரும். அந்த ஒன்றுக்காகவே கொஞ்சம் குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம். பிஎஃப்பும் இல்லை, இலக்கு 60 மரம் என்றால், உங்கள் வேகத்தை மலிவாக வாங்கப் பார்க்கிறார்கள்.

நீரா இறக்கும் வேலை எப்படி?

நீரா என்பது பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத சாறு. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. நீரா இறக்க உரிமம் பெற்ற உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாகத்தான் முடியும். வேலை இருந்தால் தினமும் காலை மாலை இருக்கும். வருமானம் சீராக வரும். ஆனால் பாளையை ஒருநாள்கூட விட முடியாது, ஊருக்குப் போக முடியாது. சுதந்திரம் பிடித்து மரத்துக்கு வந்தவருக்கு இது ஒத்துவராது. நிறுவனத்துக்கு விற்பனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சிங்கப்பூரில் மரம் வெட்டிவிடும் வேலைக்கு ஏஜென்ட் கூப்பிடுகிறார்.

அங்கே சாலையோர மரங்களைக் கிளை கழிக்கும் நிறுவனங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூக்கு வண்டி, ஹெல்மெட், முறையான பயிற்சி என்று பாதுகாப்பு இங்கே இருப்பதைவிடப் பல மடங்கு மேல். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். முதலாளி வருஷத்துக்கு 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்வதற்கான லெவி வரி என்று உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, அது முதலாளி கட்ட வேண்டியது. தென்னை ஏறத் தெரியும் என்பதற்காகக் கூடுதல் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். அங்கே செயின்சாவும் கயிற்று முறையும் வேறு. சில வருஷ அனுபவத்துக்குப் பிறகு ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு நிபுணர் சான்றுத் தேர்வு எழுதினால் ஏணியில் மேலே போகலாம்.

ஏஜென்ட் கேட்கும் தொகையை முதலில் எழுதுங்கள். அதை அடைக்க எத்தனை மாதச் சம்பளம் போகும் என்று பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போகும் என்றால், கைவசம் 16 ஏக்கர் தோப்பு உள்ள ஆள் கிளம்பத் தேவையில்லை.

வெளிமாநில ஆட்கள் வந்து கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்பது சரியா?

உரிப்புக் களத்திலும் நார் மில்லிலும் அவர்கள் அதிகம். மரம் ஏறுவதில் இப்போதைக்குப் போட்டி குறைவு. போட்டி வந்தாலும், மரத்தின் தலையைப் பார்க்கத் தெரிந்த ஆளை அது அவ்வளவாகப் பாதிக்காது.

நான் தோப்புக்காரர். என்ன கொடுத்தால் ஆள் நிற்பார்கள்?

பக்கத்துத் தோப்பைவிட இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுப்பதைக் காட்டிலும், இறங்கிய அன்றே கூலி கொடுங்கள். நெட்டை மரத்துக்கும் குட்டை மரத்துக்கும் ஒரே ரேட் போடாதீர்கள். இளநீர் என்றால் குலையைக் கயிறு கட்டி இறக்க வேண்டும், அதற்குத் தனிக்கூலி. வெட்டுத் தேதியை முந்தின வாரமே சொல்லி, சொன்ன தேதியில் மாறாமல் இருங்கள். அவர் வருஷம் 180 நாள் வேலையை இந்தத் தேதிகளை நம்பித்தான் கட்டுகிறார். கேர சுரக்ஷா பிரீமியத்தில் அவர் பங்கை நீங்களே கட்டிவிடலாம். ஒரு மூட்டை உர விலையில் சில பேருக்குக் கட்டலாம். மின்கம்பிக்குக் கீழே இருக்கும் மரத்தைப் பற்றி மின்வாரியத்தில் பேச வேண்டியதும் உங்கள் வேலைதான்.

எங்கே கற்றுக்கொள்வது?

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற பயிற்சியை நடத்துகிறது. ஆறு நாள். மெஷினில் ஏறுவது, தலை சுத்தம் செய்வது, பூச்சி நோய் அடையாளம், முதலுதவி எல்லாம் சொல்லித் தருவார்கள். பயிற்சி முடிந்தால் மெஷினும் கிடைக்கும். எந்த இடத்தில் அடுத்த பயிற்சி என்பதை வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்திலோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். எங்கள் பக்கத்தவர்களுக்கு ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் அருகில் இருக்கிறது, தளியில் வாரியத்தின் பண்ணை இருக்கிறது; பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு வேப்பங்குளம். ஏறும் ஆட்களையும் தோப்புக்காரர்களையும் தொலைபேசியில் இணைக்க வாரியம் "ஹலோ நாரியல்" என்ற சேவையும் வைத்திருக்கிறது. பயிற்சி முடித்ததும் அதில் பெயர் கொடுத்துவிடுங்கள். ஆறு நாளில் ஏறத் தெரிந்துவிடும். வேகம் வர இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை பழைய ஆள் ஒருவரோடு ஜோடி சேர்ந்து போங்கள், நாளைக்கு 20 மரத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.